ஓர் இழுப்பு, ஒரு குண்டு

1981 ஜூன் 27. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், ஹென்னிக்கர் என்ற சிற்றூரை ஒட்டிய காட்டுக்குள் பன்னிரண்டு பேர் தனித்தனியே இறங்கினார்கள். ஆளுக்கொரு நெல்ஸ்பாட் 007 கையில். வாயு அழுத்தத்தில் சாயக்குண்டு சுடும் கருவி அது. காட்டுக்குள் வைத்திருந்த கொடிகளைச் சேகரித்துக்கொண்டு வெளியே வர வேண்டும். அதற்குள் மேலே சாயம் பட்டுவிட்டால் ஆட்டம் காலி. நகரத்தில் பிழைக்கத் தெரிந்தவன் காட்டிலும் பிழைப்பானா என்று எழுத்தாளர் சார்லஸ் கெய்ன்ஸும் நியூயார்க் பங்கு வணிகர் ஹேய்ஸ் நோயலும் நெடுநாள் வாதாடியதில் பிறந்தது இந்த ஆட்டம். விதிகளை வகுப்பதில் பாப் கர்ன்ஸி கைகொடுத்தார். வென்றவர் ரிச்சி ஒயிட், மரத்தொழில் தெரிந்த காட்டு மனிதர். அன்று முழுக்க அவர் ஒரு குண்டுகூடச் சுடவில்லை.

பெயின்ட்பால் என்று இன்று உலகம் முழுக்கப் பரவியிருக்கும் விளையாட்டின் முதல் நாள் அது. ஆனால் அந்தக் கருவி விளையாட்டுக்காகப் பிறந்ததல்ல. மிச்சிகன் மாநிலத்தின் அயர்ன் மவுன்டனில் இருந்த நெல்சன் பெயின்ட் நிறுவனம், வெட்ட வேண்டிய மரங்களை வனத்துறையினர் தூரத்திலிருந்தே அடையாளமிட ஒரு வழி தேடியது. முள்ளும் ஓடையும் தாண்டி ஒவ்வொரு மரத்தின் அடிக்கும் போய்த் தூரிகையால் கோடு போடுவது சாதாரண வேலையில்லை. மருந்து மாத்திரைக்கு ஜெலட்டின் உறை செய்யும் தொழில்நுட்பத்தில் சாயத்தை அடைத்தார்கள். சுடும் கருவியை, காற்றுத் துப்பாக்கிக்குப் பெயர்போன டெய்சி நிறுவனம் செய்து கொடுத்தது. மாட்டுப் பண்ணைக்காரர்களும் மந்தையில் மாடுகளைப் பிரித்தறிய அதை வாங்கினார்கள்.

நெல்ஸ்பாட்டில் ஒவ்வொரு குண்டுக்கும் போல்ட்டைக் கையால் இழுத்து, கருவியைச் சாய்த்துக் குண்டை உருட்டிவிட வேண்டும். சில ஆண்டுகளில் குழலுக்குக் கீழே ஒரு கைப்பிடி வந்தது. இடது கையால் அதைப் பின்னே இழுத்து முன்னே தள்ளினால் போதும். அதுதான் பம்ப் மார்க்கர்; சாயக்குண்டு சுடும் கருவியை ஆட்டக்காரர்கள் மார்க்கர் என்பார்கள். பட் ஓர் உருவாக்கிய ஸ்னைப்பர், சிசிஐ நிறுவனத்தின் ஃபேன்டம் எல்லாம் 1980களின் பிள்ளைகள். 1990களில் விசையை அழுத்தும்போதெல்லாம் தானே அடுத்த குண்டை ஏற்றிக்கொள்ளும் செமி-ஆட்டோமேடிக் மார்க்கர்கள் திடலைப் பிடித்துக்கொண்டன. பிறகு மின்னணு மார்க்கர்கள் வந்து நொடிக்குப் பத்துக்கு மேல் சுட்டன. அப்படியும் பம்ப் சாகவில்லை. பன்னிரண்டு கிராம் கேஸ் குப்பியும் பத்துக் குண்டுக் குழாயும் மட்டும் வைத்துக்கொண்டு ஆடும் 'ஸ்டாக் கிளாஸ்' ஆட்டக்காரர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

அவர்களிடம் கற்றுக்கொள்ள ஒன்று இருக்கிறது. மார்க்கர் சுடும் நேரத்தைவிடச் சும்மா இருக்கும் நேரத்தில்தான் அதிகக் கவனம் கேட்கிறது. ஆட்டம் நடக்கையில் எல்லோர் முகத்திலும் மாஸ்க் இருக்கும், நடுவர் இருப்பார், எல்லோரும் உஷாராக இருப்பார்கள். விசில் ஊதிய பிறகு? மாஸ்க்கை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கேஸ் இன்னும் உள்ளே இருக்கிற மார்க்கரை மடியில் வைத்துக்கொண்டு தண்ணீர் குடிக்கிறார்கள். கண்ணைப் பறிகொடுத்தவர்களின் கதைகளில் பெரும்பாலானவை நிகழ்ந்தது முகக்கவசம் இல்லாத இப்படிப்பட்ட வேளையில்தான்; அல்லது திடலே இல்லாத கொல்லையிலும் தெருவிலும்.

கண்ணுக்கு இரண்டாவது வாய்ப்பு இல்லை

வழக்கமான பெயின்ட்பால் குண்டு .68 காலிபர். அதாவது சுமார் 17 மில்லிமீட்டர் குறுக்களவு, ஏறக்குறைய 3 கிராம் எடை. நொடிக்கு 300 அடி என்பது நெடுங்காலமாக இருந்துவரும் உச்ச வரம்பு. பல திடல்கள் 280-க்கும் கீழே வைத்துக்கொள்கின்றன. 300 அடி என்றால் மணிக்கு சுமார் 330 கிலோமீட்டர். தோளில் பட்டால் கன்றிச் சிவக்கும், சில நாளில் ஆறும். கண் வேறு விஷயம். கண்குழியின் வாய் ஏறக்குறைய நான்கு சென்டிமீட்டர் அகலம். 17 மில்லிமீட்டர் குண்டு புருவ எலும்பிலோ கன்ன எலும்பிலோ முட்டாமல் நேரே விழிக்கோளத்தில் போய் மோதும். கண்ணின் முன்னறையில் ரத்தம் தேங்கும். லென்ஸில் புரை விழும். விழித்திரை கிழியும், பிரியும். அடிபட்ட அன்று பார்வை தெளிந்துவிட்டாலும் சில ஆண்டுகள் கழித்துக் கண்ணழுத்த நோய் வரக்கூடும்.

விளையாட்டு தொடங்கிய நாலே ஆண்டில், 1985-ல், டொரோன்டோ கண் மருத்துவர்கள் மைக்கேல் ஈஸ்டர்புரூக்கும் டாம் பாஷ்பியும் இந்தக் காயங்களைப் பற்றிக் கனடா மருத்துவ சங்க இதழில் எழுதி எச்சரித்தார்கள். ஐஸ் ஹாக்கியில் முகக்கவசத்தைக் கட்டாயமாக்கப் போராடியவர் பாஷ்பி. தொடக்க காலத்தில் பெயின்ட்பால் ஆடியவர்கள் பட்டறையில் போடும் கண்ணாடியைத்தான் மாட்டிக்கொண்டார்கள். அது அடியில் கழன்று போகும், பக்கவாட்டில் இடைவெளி விடும். பிறகுதான் மோட்டோகிராஸ் பந்தயக் கண்ணாடியை வைத்து முகம் முழுக்க மூடும் மாஸ்க் உருவானது, அதற்கென ஏ.எஸ்.டி.எம். எஃப்1776 என்ற தரமும் வந்தது. வாங்கும் மாஸ்க்கில் அந்தத் தரக் குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். ஆய்வகக் கண்ணாடி, நீச்சல் கண்ணாடி, பைக் ஹெல்மெட்டின் வைசர் எதுவும் இதற்கு ஈடாகாது.

மாஸ்க் லென்ஸுக்கும் ஆயுள் உண்டு. வெயிலும் வியர்வையும் பட்டுப் பட்டு பிளாஸ்டிக் தளரும். கண்ணுக்குத் தெரியாத கீறலில்தான் அடுத்த அடி பிளவாகிறது. அருகிலிருந்து நேரடியாக ஒரு குண்டு பட்டிருந்தாலோ, மாஸ்க் கல்லில் விழுந்திருந்தாலோ லென்ஸை மாற்றிவிடுங்கள். பத்திரமாகவே வைத்திருந்தாலும் ஆண்டுக்கு ஒருமுறை புதிது போடச் சொல்கிறார்கள் தயாரிப்பாளர்கள். வீட்டு ஜன்னல் துடைக்கும் அமோனியா திரவம் லென்ஸைக் கெடுக்கும். வெறும் தண்ணீரும் மென்மையான பருத்தித் துணியும் போதும்.

ஆட்டத்தின் நடுவே லென்ஸுக்குள் பனி படர்ந்து கண் தெரியவில்லையா? மாஸ்க்கைத் தூக்கித் துடைக்கக் கூடாது. உட்கார்ந்து, கையைத் தூக்கி நடுவரை அழையுங்கள். அவர் உங்களைக் கைப்பிடித்து வெளியே அழைத்துப் போவார். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. யாருக்காவது கண்ணில் அடிபட்டுவிட்டால் தேய்க்கவோ அழுத்தவோ விடாமல், கண்ணைத் தொடாதபடி ஒரு காகிதக் கோப்பையால் மூடி, பார்வை நன்றாகத்தான் இருக்கிறது என்று அவர் சொன்னாலும் உடனே கண் மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.

இழுத்தால் என்ன நடக்கிறது

பம்ப் மார்க்கரின் உள்வேலை எளிது. அதனால்தான் அதைப் பராமரிக்கக் கற்பது இன்பம். கைப்பிடியைப் பின்னே இழுக்கிறீர்கள், போல்ட் விலகுகிறது, மேலே காத்திருக்கும் குண்டுகளில் ஒன்று கீழே விழுகிறது. முன்னே தள்ளுகிறீர்கள், போல்ட் குண்டைக் குழலுக்குள் கொண்டுபோய் அடைக்கிறது. இந்த இழுப்பும் தள்ளலும் முடியும்போது உள்ளே ஒரு சிறு சுத்தியல் ஸ்பிரிங்கின் விறைப்போடு கொக்கியில் மாட்டி நிற்கும். விசையை அழுத்தினால் கொக்கி விடுகிறது, சுத்தியல் வால்வில் மோதுகிறது, கண்ணிமைக்கும் நேரம் வால்வு திறந்து ஓர் அளவு கேஸ் குண்டின் முதுகில் அடிக்கிறது. அவ்வளவுதான். பேட்டரி கிடையாது, சர்க்யூட் கிடையாது.

ஆனால் ஒரு சூட்சுமம். பழைய பம்ப் மார்க்கர்கள் பலவற்றில் விசையை அழுத்திப் பிடித்தபடியே பம்ப் செய்தால், தள்ளி மூடும் ஒவ்வொரு முறையும் தானே சுடும். 'ஆட்டோ-ட்ரிகர்' என்பார்கள். வேகமாகச் சுட உதவும் என்று இதைக் கொண்டாடுபவர்கள் உண்டு, தடைசெய்யும் ஆட்டங்களும் உண்டு. என்னைக் கேட்டால், புதிதாக வாங்கிய எந்தப் பம்ப் மார்க்கரிலும் முதலில் சோதித்து அறிய வேண்டியது இதைத்தான். குண்டு போடாமல், மாஸ்க் மாட்டிக்கொண்டு, ஆளில்லாத திசையில். விரலை விசையில் வைத்தபடியே பம்ப் செய்யும் பழக்கம் உள்ளவர் கையில் இந்த மார்க்கர் கிடைத்தால், சுட நினைக்காத நேரத்தில் சுடும். விரல் விசைக்கு வெளியே, காப்புவளையத்தின் மேல். குறி வைத்த பிறகே உள்ளே.

மார்க்கரில் ஒரு சேஃப்டி பொத்தான் இருக்கும். அதை நம்பி மட்டும் இருக்காதீர்கள். திடலை விட்டு வெளியே வரும்போது குழலின் வாயை மூடும் உறையை மாட்டுங்கள். துணிப்பை போன்ற அந்த உறை, தவறி வெடித்த குண்டையும் பிடித்து நிறுத்தும். குழலில் சொருகும் பழைய ரப்பர் முளையை இப்போது பல திடல்கள் ஏற்பதில்லை. அடுத்தடுத்துச் சுட்டால் அது பறந்துவிடும்.

கேஸ்: அடங்கிக் கிடக்கும் ஆபத்து

பன்னிரண்டு கிராம் குப்பிக்குள் கார்பன் டை ஆக்சைடு திரவமாக இருக்கிறது. 21 டிகிரி செல்சியஸில் அதன் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 850 பவுண்டு அளவில். ஒவ்வொரு முறை சுடும்போதும் கொஞ்சம் திரவம் கொதித்து வாயுவாகிறது, கொதிக்கத் தேவையான வெப்பத்தைக் குப்பியிடமிருந்தே எடுத்துக்கொள்கிறது. வேகமாகச் சுட்டால் குப்பி பனி பிடிக்கும், அழுத்தம் குறையும், குண்டு தரையை நோக்கிச் சரியும். பம்ப் மார்க்கரின் நிதானம் இதற்குப் பொருத்தம். இழுத்துத் தள்ளும் இடைவெளியில் குப்பி மீண்டும் சூடேறிவிடும்.

வெப்பம் ஏறினால் கதை மாறும். 31 டிகிரியைத் தாண்டினால் இந்த வாயு திரவமாகவே இருக்காது, அழுத்தம் விறுவிறுவென ஏறும். நியூ ஹாம்ப்ஷயரின் இலையுதிர் காலத்துக்கு இது பெரிய கவலையில்லை. சென்னை, பெங்களூர் புறநகர்த் திடல்களுக்கு அலுவலகக் கூட்டத்தோடு போகிறவர்கள் யோசிக்க வேண்டும். சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் நிரப்பிய சிலிண்டரை விட்டுச் செல்லக் கூடாது. காலை ஏழு மணிக்கு வேகமானியில் அளந்து 280-ல் நிறுத்திய மார்க்கர், உச்சி வெயிலில் 300-ஐத் தாண்டியிருக்கலாம். மதியம் மறுபடி அளக்கச் சொல்லுங்கள். அளக்காத திடலில் ஆடாமல் திரும்பி வருவதே நல்லது.

சீரான அழுத்தம் வேண்டித்தான் இப்போது பெரும்பாலான திடல்கள் அழுத்தக் காற்றுக்கு மாறிவிட்டன. 3,000 அல்லது 4,500 பவுண்டு அழுத்தத்தில் நிரப்பிய சிலிண்டர், அதன் தலையில் அழுத்தத்தைக் குறைத்துத் தரும் ரெகுலேட்டர். இந்தச் சிலிண்டரின் நிரப்பும் முனையில் எண்ணெயோ கிரீஸோ ஒரு துளியும் படக் கூடாது. அதிக அழுத்தக் காற்று திடீரெனப் பாயும்போது எண்ணெய் பற்றிக்கொள்ளக்கூடும். மார்க்கருக்குள் போடும் எண்ணெய் வேறு, சிலிண்டரின் முனை வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்வது ஆபத்தான தவறு. சிலிண்டரில் பொறித்திருக்கும் சோதனைத் தேதியையும் பாருங்கள். அமெரிக்காவில் இத்தகைய பெரிய சிலிண்டர்களை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை நீரழுத்தத்தில் சோதிக்கிறார்கள். காலாவதியானதை நிரப்பித் தர மாட்டார்கள்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரின் தலையில் பித்தளை வால்வு ஒன்று திருகப்பட்டிருக்கும். மார்க்கரிலிருந்து சிலிண்டரைக் கழற்றும்போது, மார்க்கரோடு சேரும் மரைதான் கழல வேண்டும். சில வேளை வால்வு மார்க்கரிலேயே இறுகி நிற்க, சிலிண்டர் வால்விலிருந்து கழலத் தொடங்கும். கடைசி மரையும் விட்டதும் சிலிண்டர் ராக்கெட்டாகச் சீறும். 2000களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் இப்படி உயிர்களே போயிருக்கின்றன. வால்வில் யாரோ அரைகுறையாக வேலை பார்த்ததுதான் வழக்கமான காரணம். இதைக் கண்டுபிடிக்க ஆட்டக்காரர்களிடம் ஓர் எளிய வழி இருக்கிறது. வால்வுக்கும் சிலிண்டருக்கும் குறுக்கே நகப்பூச்சால் ஒரே கோடு. கழற்றும்போது அந்தக் கோடு உடைந்து விலகினால் கையை எடுத்துவிடுங்கள். மேற்கொண்டு திருகாமல், கேஸைச் சுட்டுத் தீர்த்துவிட்டு, தெரிந்த தொழில்நுட்பரிடம் கொடுங்கள். வால்வை வீட்டில் கழற்றிப் பார்க்க வேண்டாம்.

சிறிய குப்பியிலும் அவசரம் கூடாது. துளையிட்ட குப்பியில் கேஸ் மிச்சமிருக்க, மூடியைத் திருகிக் கழற்றினால் உறைகுளிர்ந்த வாயு விரல் தோலைப் பொசுக்கும். சீறும் சத்தம் முழுக்க அடங்கிய பிறகே கையை வையுங்கள்.

மேசை மேல் ஒரு மாலை

பிரிப்பதற்கு முன் ஒரு வரிசை உண்டு, அதை மாற்றாதீர்கள். மாஸ்க் முகத்திலேயே இருக்கட்டும், குழல் உறை மாட்டியே இருக்கட்டும். குண்டுகளை வெளியே கொட்டுங்கள். கேஸைக் கழற்றுங்கள். பாதுகாப்பான திசையில் ஒன்றிரண்டு முறை பம்ப் செய்து சுட்டு, உள்ளே தங்கிய கேஸை வெளியேற்றுங்கள். பிறகு குழலைக் கழற்றி, குண்டு நிற்கும் அறையைப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். கேஸைக் கழற்றியவுடன் மார்க்கர் காலி என்று நினைப்பதுதான் பலரும் செய்யும் பிழை. ஒரு குண்டைத் தள்ளிவிட உள்ளே தங்கிய கேஸே போதும். எந்தக் காரணத்துக்காகவும் குழலின் வாய் வழியே உள்ளே எட்டிப் பார்க்கக் கூடாது.

குழலை வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, துணி கட்டிய கயிற்றை உள்ளே இழுத்துத் துடைத்தால் போதும். சாயம் தண்ணீரில் கரையக்கூடியதுதான். ஆனால் காய்ந்து ஒட்டினால் அடுத்து வரும் குண்டைக் கிழிக்கும், அது உடைந்து இன்னும் சாயம் சேரும், திடலில் அன்று முழுக்கக் கோணலாகவே சுடுவீர்கள். குண்டு முன்னே உருண்டு விழாமல் தடுக்கும் சிறு ரப்பர் முளை தேய்ந்திருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பாருங்கள். அது தேய்ந்தால் இரண்டு குண்டு ஒன்றாகக் குழலில் நுழையும், அல்லது குழலைத் தாழ்த்தியதும் குண்டு வெளியே விழும்.

ஓ-ரிங்குகள்தான் மார்க்கரின் உயிர். குக்கரின் கேஸ்கெட் போலத்தான்: விறைத்துப்போனால், ஒரு நூல் அளவு வெடித்தால், கேஸ் எல்லாம் வீண். சிலிண்டர் சேருமிடத்தில் சீறல் கேட்டால் முதலில் அங்கிருக்கும் ஓ-ரிங்கைத்தான் மாற்ற வேண்டும். இறுக்கித் திருகுவது தீர்வல்ல. மார்க்கருக்கு எந்த எண்ணெய், எங்கே, எத்தனை சொட்டு என்பது தயாரிப்பாளரின் கையேட்டில் இருக்கும். மெலிந்த எண்ணெய் ஒன்றிரண்டு சொட்டு என்பதுதான் பொதுவான அளவு. துரு நீக்கும் ஸ்பிரேயை உள்ளே அடிக்காதீர்கள். அதிலுள்ள கரைப்பான் ஓ-ரிங்குகளை உப்பவைத்துக் கெடுத்துவிடும். பம்ப் கம்பி ஓடும் இடத்தில் மண்ணும் சாயமும் சேர்ந்து கரகரத்தால் துடைத்து, லேசாக எண்ணெய் தொட்டு, கையில் வழுக்கிக்கொண்டு ஓடும்வரை இழுத்துத் தள்ளுங்கள். நன்கு பராமரித்த பம்ப்பின் அந்த வழுக்கலில் ஒரு சுகம் உண்டு. அதற்காகவே பழைய ஆட்டக்காரர்கள் அதை விடுவதில்லை என்று நினைக்கிறேன்.

குண்டுகளையும் மறந்துவிடக் கூடாது. ஜெலட்டின் தோல் ஈரக்காற்றை உறிஞ்சி உப்பும், வெயிலில் இளகி ஒட்டும். கடற்கரை ஊரில் திறந்த பையை ஒரு வாரம் வைத்தால் உருண்டை முட்டையாகிவிடும். புதிய குண்டை, கழற்றிய குழலுக்குள் போட்டுப் பாருங்கள். தானே உருண்டு விழுந்தால் குழல் பெரிது. வாயால் ஊதினால் மட்டும் நகர்ந்தால் பொருத்தம் சரி. குண்டைக் குளிர்பெட்டியில் உறையவைத்துக் கெட்டிப்படுத்தலாம் என்று யாராவது சொன்னால் அவரோடு ஆடாதீர்கள். பட்டதும் உடைந்து அடியைச் சிதறடிப்பதுதான் குண்டின் வேலை. உடையாத குண்டு வெறும் கல்.

வேகத்தைக் கூட்டிக் குறைக்க, பெரும்பாலான பம்ப்களில் ஸ்பிரிங்கின் விறைப்பை மாற்றும் திருகாணி இருக்கும். அதைத் தொட்டால் ஒவ்வொரு முறையும் வேகமானியில் அளந்தாக வேண்டும். ஒரே அளவை நம்பாமல் ஐந்தாறு முறை சுட்டு, அவற்றில் மிக அதிகமானதை வரம்போடு ஒப்பிடுங்கள். சராசரி வரம்புக்குள் இருந்தாலும், எதிராளியின் மேல் போய்ப் படுவது அந்த ஒற்றைக் குண்டுதான்.

பழைய பம்ப் மார்க்கரை யாரிடமாவது வாங்குவதானால் பெயின்ட் பளபளப்பைப் பார்க்க வேண்டாம். விசையை அழுத்திப் பிடித்துப் பம்ப் செய்து பாருங்கள். சேஃப்டி நிற்கிறதா என்று மும்முறை சோதியுங்கள். கேஸ் மாட்டி ஒரு நிமிடம் காதை வைத்துக் கேளுங்கள். திருகாணிகள் அசல்தானா, யாரோ மரையை வெட்டி வேறு போட்டிருக்கிறார்களா என்று கவனியுங்கள். கூடவே தரும் சிலிண்டரில் சோதனைத் தேதி அழிந்திருந்தால் மார்க்கரை மட்டும் வாங்கிக்கொண்டு சிலிண்டரை அவரிடமே விட்டுவிட்டு வாருங்கள்.